விண்ணப்பம் போட்டாச்சு, கலந்தாய்வு வரை என்ன செய்வது?

கேள்வி: "என் தங்கச்சி அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். பிரவுசிங் சென்டரில் டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, சான்றிதழ்களையும் ஏற்றிவிட்டோம். கட்ஆஃப் 175, பிசி பிரிவு. எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை, நானும் ஐடிஐ தான். இனி ரேங்க் லிஸ்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?"

தம்பி, சும்மா இருக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு வருஷமும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை விட்டதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதெல்லாம் விண்ணப்பம் போட்ட பிறகு நடந்த தவறுகள். மதிப்பெண் இனி மாறாது. கல்லூரிப் பட்டியலை எந்த வரிசையில் எழுதப் போகிறீர்கள் என்பது மட்டும் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் உடனே பார்க்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

பிரவுசிங் சென்டரில் போட்டதாகச் சொன்னீர்கள். விண்ணப்பத்தில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது? இன்றைக்கே பாருங்கள். கூட்டம் நெரியும் நாட்களில் கடைக்காரர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் சான்றிதழில் குறை என்று செய்தி வந்தாலும், ஒதுக்கீட்டை உறுதி செய்ய ஓடிபி வந்தாலும், எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். ஒரு வருஷம் என் மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்த கடை வாசலில் ஷட்டரைப் பார்த்தபடி மாலை வரை உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேறு எண் இருந்தால் அருகிலுள்ள டிஎன்இஏ சேவை மையத்துக்கு, அதாவது டிஎஃப்சிக்கு, தங்கச்சியை நேரில் கூட்டிக்கொண்டு போய் மாற்றித் தரக் கேளுங்கள். பெரும்பாலும் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் வளாகங்களில்தான் இந்த மையங்கள் இருக்கும். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது சான்றிதழ் சரிபார்ப்பு. நீங்கள் ஏற்றியதை மையத்தில் உள்ள அலுவலர்கள் கணினியிலேயே பார்த்துவிடுவார்கள். குறை இருந்தால்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை லாகின் செய்து நிலையைப் பாருங்கள். நான் பார்த்தவரை திரும்பி வருவதெல்லாம் சின்னச் சின்ன காரணங்களுக்காகத்தான். ஸ்கேன் மங்கலாக இருக்கும். சாதிச் சான்றிதழில் இனிஷியல் வேறாக இருக்கும். வெளிமாநிலத்தில் சில வகுப்புகள் படித்த பிள்ளை இருப்பிடச் சான்றிதழ் வைத்திருக்காது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் அந்தக் கவலை இல்லை.

வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. ஐடிஐ பட்டம் ஆகாது, அதனால் நீங்கள் படித்தது அவளுக்குத் தடையில்லை. இந்தச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகம் வழியாகக் கையெழுத்தாகி வரும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. இதுவரை வாங்கவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள். ஜூன் மாதம் கிராம நிர்வாக அலுவலர் மேஜையில் இந்தக் காகிதங்கள்தான் குவிந்து கிடக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியிலேயே படித்தாளா? ஆம் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. 2021இல் பொறியியலுக்கும் அது வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அதற்குத் தனி ரேங்க் வரும். பொதுக் கலந்தாய்விலும் அவள் இருப்பாள். ஆனால் அந்த முழுச் சலுகை 7.5 சதவீதத்தில் கிடைத்த இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதனால் கையில் வரும் ஒதுக்கீட்டு ஆணையில் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்தப் பகுதி சரியாக நிரம்பியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவில் ஏதாவது ஒரு வருஷம் தவறாக இருந்தால் தலைமையாசிரியரைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அதை இந்த வாரமே முடித்துவிடலாம்.

சரி, ரேங்க் எப்படி வருகிறது? கணக்கு 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, ஆக 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 82 எடுத்தால் 92 + 42 + 41, அதுதான் 175. அதனால் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போட்டிருந்தால் கணக்குத் தாளில் கூடும் ஒரு மதிப்பெண் கட்ஆஃபிலும் முழுசாக ஒன்று கூட்டும். இயற்பியலில் கூடினால் அரை. 175ஐச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கமாக நிற்பார்கள். ஒரு மதிப்பெண் இடைவெளிக்குள் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். ரேங்க் பட்டியல் வெளியான பிறகு புகார் சொல்லச் சில நாட்கள் தருவார்கள். மதிப்பெண் தவறு, சாதிப் பிரிவு தவறு எதுவாக இருந்தாலும் அந்த நாட்களுக்குள் மையத்துக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

இடையில் ராண்டம் எண் என்று பத்து இலக்கத்தில் ஒன்று வரும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், மகிழவும் வேண்டாம். ஒரே கட்ஆஃப் எடுத்தவர்களை முதலில் கணக்கு மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பார்கள், அதுவும் ஒன்றாக இருந்தால் இயற்பியலை வைத்து. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாமே சமமாக நின்றால்தான் கடைசியில் ராண்டம் எண். பெரிய எண் உள்ளவருக்கு முன்னுரிமை.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

இந்தக் கலந்தாய்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். 2018இல் ஆன்லைனுக்கு மாறியதற்கு முன்னால் பிள்ளையும் பெற்றோரும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போய், திரையில் காலியிடத்தைப் பார்த்து, அங்கேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்போது பட்டியலை முன்கூட்டியே எழுதித் தந்துவிட வேண்டும். கணினி என்ன செய்கிறது என்றால், ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுக்கிறது. உங்கள் தங்கச்சியின் முறை வந்ததும் அவள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கிறது. அங்கே அவளுக்கு இடம் இருந்தால் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று இறங்கிக்கொண்டே போகிறது. கிடைத்த இடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதியதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே எழுதுவதால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. அங்கே இடம் இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் சுமாரான கல்லூரியைப் பத்திரத்துக்காக மேலே எழுதினால் அதுதான் கிடைக்கும், கீழே எழுதிய நல்லது போய்விடும். என் மாணவி ஒருத்தி ஓர் அரசு பொறியியல் கல்லூரிமேல் ஆசை வைத்திருந்தாள். "அதெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கும், முதல் வரியை வீணாக்காதே" என்று அப்பா சொல்லிவிட்டார். பக்கத்து ஊர் தனியார் கல்லூரியை முதலில் போட்டு, அரசுக் கல்லூரியைப் பதினான்காவதாக எழுதினார்கள். ஒதுக்கீடு வந்த அன்று பார்த்தால் அந்த அரசுக் கல்லூரியில் அவள் கேட்ட பிரிவு அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்க்குக்குப் போயிருந்தது. அந்த அப்பா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை நாலாய் மடிப்பார், விரிப்பார், மறுபடி மடிப்பார். ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதி, பஸ் கட்டணம் என்று நாலு வருஷத்துக்கு எவ்வளவு கூடுதலாகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

அதனால் ஆசைப்படும் வரிசையில் எழுதுங்கள். எது கிடைக்கும் என்ற கணிப்பு பட்டியலின் நீளத்தைத் தீர்மானிக்கட்டும், வரிசையை அல்ல. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம், உச்சவரம்பு இல்லை. நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுகிற கல்லூரிகளைக் கீழே போதுமான அளவு வையுங்கள். பத்துப் பதினைந்தோடு நிறுத்தி, கடைசியில் ஒன்றுமே கிடைக்காமல் நின்ற பிள்ளைகளும் உண்டு. ஆனால் கிடைத்தால் போகவே மாட்டோம் என்ற கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள்.

கிடைக்குமா என்று எப்படிக் கணிப்பது? டிஎன்இஏ இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி வாரியாகக் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் இருக்கும். ரேங்க் விவரமும் கிடைத்தால் ரேங்க்கை ஒப்பிடுங்கள், மதிப்பெண்ணை அல்ல. வினாத்தாள் எளிதாக இருந்த வருஷம் கட்ஆஃப் எல்லாமே மேலே போகும். போன வருஷம் 173க்கு முடிந்த இடம் இந்த வருஷம் 176க்குப் போகலாம், ரேங்க் மட்டும் அவ்வளவாக நகராது. 2021ஆம் ஆண்டுக் கணக்கை எடுக்கவே வேண்டாம். கொரோனாவால் தேர்வு ரத்தாகி, பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூவுக்கு 30 சதவீதம் என்று மதிப்பெண் போட்ட வருஷம் அது. பிசி பிள்ளை என்பதால் பிசி இடங்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 31 சதவீத ஓசி இடங்கள் எல்லாருக்கும் பொது. அங்கே அவள் மதிப்பெண் எட்டினால் அதிலேயே கிடைக்கும். பிசிக்கென்று 26.5 சதவீதம் தனியாக இருக்கிறது.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வரிக்கு ஒரு கல்லூரி, அதன் நாலு இலக்கக் குறியீட்டு எண், பிரிவு, முந்தைய இரண்டு வருஷ ரேங்க், வீட்டிலிருந்து தூரம். எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். கோவையில் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 2006, நீலாம்பூரில் இருக்கும் பிஎஸ்ஜியின் இன்னொரு பொறியியல் கல்லூரி 2377. இரண்டும் வேறு வேறு. அதேபோல அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஆனால் கட்ட வேண்டிய தொகை வேறு.

ரேங்க் வருவதற்குள் நாலைந்து கல்லூரிகளையாவது நேரில் பார்த்துவிடுங்கள். வேலை நாளில், அவள் தினமும் போகப்போகிற அதே பஸ்ஸில், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரவேற்பறையில் பளபளப்பான புத்தகம் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேசுங்கள். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர், வருஷத்தின் நடுவில் வாத்தியார்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்களா, கேம்பஸ் இன்டர்வியூவில் போன வருஷம் இந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேளுங்கள். பெண்கள் விடுதி என்றால் தண்ணீரும் சாப்பாடும் எப்படி என்று தங்கச்சியே அங்குள்ள பிள்ளைகளிடம் கேட்கட்டும், உங்களைவிட அவளிடம் உண்மையைச் சொல்வார்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றின் சதவீதத்தை இதோடு ஒப்பிட முடியாது. என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியத்தின் தர அங்கீகாரம், பிரிவுக்குப் பிரிவு தருவது, கல்லூரி முழுசுக்கும் அல்ல. அவள் சேரும் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், இல்லாவிட்டால் ஏஐ என்று ஓடுகிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். வாத்தியார் இல்லாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நல்ல கல்லூரியின் எலெக்ட்ரிக்கலோ மெக்கானிக்கலோ எவ்வளவோ மேல். அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டீர்களா? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எழுதிவிட்டு, பிடிக்காத பாடத்தை நாலு வருஷம் படிப்பது பெரிய கஷ்டம்.

கலந்தாய்வு ரேங்க் வரிசைப்படி சில சுற்றுகளாக நடக்கும். 175க்குப் பெரும்பாலும் இரண்டாம் சுற்று வரும். முதல் சுற்று முடிந்ததும் எங்கெங்கே எத்தனை இடம் மிச்சம் என்று வெளியிடுவார்கள். நோட்டை எடுத்து, தீர்ந்துபோன பிரிவுகளை அடித்துவிட்டுப் பட்டியலை ஏற்றுங்கள். பட்டியலை ஏற்ற மூன்று நாள் தருவார்கள். கடைசி நாள் மாலை வரை காத்திருந்தால் இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாளே முடித்து, லாக் செய்து, பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

பிறகு தற்காலிக ஒதுக்கீடு வரும். பெயரைப் பார்த்ததும் இனிப்பு வாங்கிக் கொண்டாடிவிட்டு, உறுதி செய்ய மறந்த குடும்பங்கள் உண்டு. இரண்டு நாளுக்குள் உள்ளே போய் என்ன முடிவு என்று சொல்லாவிட்டால் இடம் போய்விடும். இந்த இடமே போதும் என்றால் ஏற்றுக்கொண்டு, சொன்ன நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் இதற்கு மேலே எழுதியது காலியானால் அதற்கு மாற்றிக் கொடு என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் சேவை மையத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பிவர முடியாது. இங்கேயும் பட்டியலின் வரிசைதான் பேசுகிறது. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கும் வழியும் உண்டு, அடுத்த சுற்றுக்குப் போகும் வழியும் உண்டு. கையில் வேறு இடம் இல்லாத குடும்பத்துக்கு இந்த இரண்டையும் நான் சொல்லவே மாட்டேன்.

ரேங்க் வருவதற்கு முன்பே போன் வரத் தொடங்கும். "இப்பவே அட்வான்ஸ் கட்டினால் ஸ்காலர்ஷிப், இன்னும் ரெண்டே சீட்" என்பார்கள். எதையும் கட்டாதீர்கள், முக்கியமாக டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் கொடுத்துவிடாதீர்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. வகுப்பு தொடங்குவதற்கு முன் குறித்த தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கவும் கூடாது. விதி அப்படி இருந்தாலும், கொடுத்துவிட்டு வாங்க அலைந்த என் மாணவன் ஒருவன் நாலு நாள் அந்தக் கல்லூரி அலுவலக வாசலில் நின்றான். கடன் தேவைப்பட்டால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கலந்தாய்வில் கிடைத்த இடம் என்றால் வங்கியில் பேசுவதும் சுலபம். கூடவே அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ குறைந்த படிப்பு இல்லை.

கடைசியாக, அவள் தமிழ் மீடியம் என்றீர்கள். முதல் செமஸ்டரிலேயே கணக்குத் தாள் வரும். அவளுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும், ஆனால் கரும்பலகையில் வேறு பெயரில் இருக்கும். அதனால் நல்ல பிள்ளைகள் முதல் மாதத்தில் பின் பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டு மாதத்தில் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் புத்தகங்களை ஆங்கிலத்தில் இறக்கிக்கொள்ளுங்கள், பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, தினமும் ஒரு பக்கம். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அணி, அந்தப் பக்கம் மேட்ரிக்ஸ். இந்தப் பக்கம் வகைக்கெழு, அந்தப் பக்கம் டெரிவேட்டிவ். தொகையிடல், இன்டக்ரேஷன். சத்தம் போட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். போன வருஷம் இப்படி எழுதிய ஒரு பிள்ளை அந்த நோட்டை விடுதிக்குக் கொண்டுபோனது. அதை அறைத்தோழிகள் மூன்று பேர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்களாம்.

ரேங்க் வந்ததும் பொது ரேங்க், சமுதாய ரேங்க், 7.5 சதவீத ரேங்க் மூன்றையும் இங்கே எழுதுங்கள். நோட்டில் போட்ட பட்டியலையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், வரிசையைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.